விசுவாசம் போதவில்லையாம்

என் அப்பா காசநோயில் செத்தார். ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை விழுங்கினால் பெரும்பாலும் தீர்ந்துபோகிற நோய். மாத்திரைக்குக் காசு கிடையாது, அரசாங்கமே தருகிறது. அடக்கத்துக்கு வந்த பாஸ்டர் அம்மாவின் காதருகே குனிந்து வேறு காரணம் சொன்னார்: "பிரதருக்கு விசுவாசம் போதலம்மா." குனிந்துதான் சொன்னார். ஆனால் மைக்கில் பேசிப் பழகிய தொண்டை, முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

கணவனைப் பறிகொடுத்த அன்றே, அவன் செத்ததற்கு அவனே காரணம் என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போகிற துணிச்சல் எந்த வேதத்தில் இருந்து வருகிறது? அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன். யாரும் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று சமாதானப்படுத்த வேண்டாம். என் அப்பாவைக் கர்த்தர் எடுக்கவில்லை. ஒரு பொய்ப் போதனை எடுத்தது.

கேரளத்து வித்துராவில் இருந்து மலைக்கு ஏறினால் தேயிலைத் தோட்டங்கள். திருநெல்வேலிச் சீமையில் இருந்து கங்காணி கூட்டிவந்த தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே லயங்களில் இருக்கிறோம். வெளியே மலையாளம், வீட்டுக்குள் தமிழ், ஜெபத்திலும் தமிழ். கொழுந்துக்கு விலை இருந்த காலம் ஒன்று உண்டாம், எனக்கு நினைவு தெரிந்து சம்பளம் தேதிக்கு வந்ததில்லை. ஒழுகும் கூரை, ஈரச் சுவர், ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும். நெஞ்சு நோய்க்கு இதைவிடத் தோதான வீட்டை யாராலும் கட்டித்தர முடியாது. கீழே இருக்கிற சபைகளின் ஆயர்கள் கிறிஸ்துமஸுக்கும் சந்தாவுக்கும் ஏறி வருவார்கள். இந்தப் பாஸ்டரோ வாரம் தவறாமல் வந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் வந்த இடம் காலியாகக் கிடந்தது.

அப்பாவுக்குச் சளியில் கிருமி இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்ததும் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்தார். முதல் இரண்டு மாதம் நாலு வகை மருந்து, பிறகு நாலு மாதம் குறைந்த மருந்து என்பது கணக்கு. இந்த நோயின் சூது இங்கேதான் இருக்கிறது. மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே காய்ச்சல் விடும், பசி எடுக்கும், இருமல் அடங்கும், முகத்தில் சதை பிடிக்கும். ஆள் தேறிவிட்டான் என்று ஊரே சொல்லும். கிருமி மட்டும் முழுசாகச் சாகாமல் நெஞ்சுக்குள் பதுங்கிக் கிடக்கும். மீதி மாதங்களின் மாத்திரை அந்தப் பதுங்கினதைக் கொல்லத்தான். இதை ஆஷா அக்கா விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். அப்பாவும் தலையாட்டினார்.

சரியாக அந்தத் தேறுகிற நேரத்தில் மூன்று நாள் உபவாசக் கூட்டம் போட்டார் பாஸ்டர். அப்பாவின் தலையில் கை வைத்தார், எண்ணெய் பூசினார், "இந்த க்ஷணமே காசத்தின் ஆவி வெளியேறுகிறது" என்று கத்தினார். அடுத்த வாரம் எடை பார்த்தால் கூடியிருக்கிறது. கூடாமல் என்ன செய்யும்? ஒன்றரை மாதமாக உள்ளே மருந்து வேலை செய்துகொண்டிருந்ததே! மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். "மாத்திரையை இன்னும் தொட்டுக்கிட்டு இருந்தா கர்த்தர் செய்த அற்புதத்தைச் சந்தேகிக்கிற மாதிரி ஆகும்" என்று மேடையிலேயே பாஸ்டர் சொன்னார். ரிஃபாம்பிசின் மாத்திரை போடுகிறவர்களுக்கு மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பாஸ்டருக்கு அதுவும் உதவியது. "பாத்தீங்களா, உள்ளுக்குள்ள விஷம் ஏத்துறாங்க" என்றார். மாத்திரை அட்டைகள் அரிசிப் பானைக்குப் பின்னால் போயின. ஆஷா அக்கா கேட்டால் சாப்பிட்டாச்சு என்று அம்மா சொன்னாள். பொய் சொல்லவே தெரியாத என் அம்மாவுக்குப் பொய் சொல்லப் பழக்கிக் கொடுத்தது ஒரு ஜெபக் கூட்டம்.

நான் கட்டிக்கொடுத்துப் போய்க் கீழே வித்துராவில் தையல் கடையில் இருக்கிறவள். விஷயம் தெரிந்து ஓடி வந்து சண்டை போட்டேன். மறு வாரமே பாஸ்டருக்குத் தரிசனம் வந்துவிட்டது: வீட்டுக்குள் ஒரு அவிசுவாச ஆவி வந்து போகிறதாம், அது பெண் ரூபத்தில் இருக்கிறதாம். அதற்குப் பிறகு அம்மா என்னிடம் எதையும் சொல்வதில்லை. "மக மனசு கஷ்டப்படும்" என்று அப்பாவும் மறைத்தார். போனில் இருமல் கேட்டு, "என்னப்பா இது?" என்றால், "பனிக்காலம்லா" என்பார்.

நோய் திரும்பியபோது பழைய மாத்திரைக்குக் கேட்கவில்லை. பாதியில் விட்ட மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கிருமி அந்த மருந்தையே பழகிக்கொள்ளும். திருவனந்தபுரம் புலயனார்கோட்டை நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அங்கிருந்த டாக்டர் எங்களைத் திட்டவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்ட வேதக்காரனுக்கு இல்லாத இரக்கம், வெள்ளைக் கோட்டு போட்ட அந்த மலையாளிக்கு இருந்தது.

இருமல் அடங்கியபோது மகிமை பாஸ்டரின் ஜெபத்துக்குப் போனது. இருமல் திரும்பியபோது பழி அப்பாவின் விசுவாசத்துக்கு வந்தது. மாத்திரைக்கு இரண்டு பக்கத்திலும் பேர் இல்லை. வரவெல்லாம் மேடைக்காரன் பேரிலும் நஷ்டமெல்லாம் நோயாளி பேரிலும் எழுதுகிற இப்படியொரு கணக்குப் புத்தகத்தைப் பிளேடு வட்டிக்காரன்கூட வைத்திருக்கமாட்டான். கள்ளப் போதனையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கலாம். திரித்துவத்தைச் சரியாகச் சொல்கிறானா, ஞானஸ்நானத்தை எப்படிக் கொடுக்கிறான் என்றெல்லாம் பார்க்கச் சொல்வார்கள். எங்கள் பாஸ்டர் அதிலெல்லாம் தேறிவிடுவார். விசுவாசப் பிரமாணத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். பரீட்சையை வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்கிறேன். சொன்னது நடக்காமல் போகும்போது பழியை யார் தலையில் வைக்கிறான் என்று பாருங்கள். எந்த நாளும், எந்தச் சாவிலும் அவன் சொன்னது தப்பாகவே ஆகாது என்றால், அவன் பேசுவது கர்த்தருடைய வார்த்தை அல்ல. சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல, அவனுக்குப் பயப்பட வேண்டாம் என்று மோசே உபாகமம் பதினெட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த அதிகாரத்தை எங்கள் லயத்தில் யாரும் பிரசங்கித்துக் கேட்டதில்லை.

அவர்கள் பிரசங்கிக்காத வேதத்தைத்தான் அப்பா செத்த பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். எரிச்சலில் படித்தேன், அழுதுகொண்டு படித்தேன். எசேக்கியா ராஜாவுக்குப் பிளவை வந்தபோது ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்கிறார். பதினைந்து வருஷ ஆயுசு கூட்டித் தருகிற வாக்கும் இருக்கிறது, பற்றும் இருக்கிறது. இரண்டும் சண்டை போடவில்லை. பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்லி எழுதுகிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடே விட்டுவிட்டு வந்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லையா? துரோப்பீமுவின் வீட்டுக்குள் ஏதாவது அவிசுவாச ஆவி இருந்ததா? பவுலோடு கூடவே திரிந்த லூக்கா யார்? வைத்தியர். சுவிசேஷம் எழுதினவரே வைத்தியராக இருக்கும்போது மாத்திரையை விஷம் என்று சொல்ல எப்படி நாக்கு வருகிறது?

வசனம் சொல்கிறான், அதனால் தேவ மனுஷன்தான் என்று நம்புகிற அப்பாவிகள் எங்கள் ஜனம். வனாந்தரத்தில் இயேசுவிடம் வந்த சாத்தானும் வசனத்தோடுதான் வந்தான். தொண்ணூற்றோராம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு, கோபுரத்தில் இருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றான். அப்பாவிடம் சொன்னதும் அதேதான்: மாத்திரையை விட்டுவிட்டுக் குதி, தாங்குவார். இயேசு குதிக்கவில்லை. இன்னொரு வசனத்தை எடுத்துக்காட்டி மறுத்தார். ஒரு வசனத்தை அதன் இரண்டு பக்கத்து வசனங்களோடு சேர்த்துப் படிக்கிற பழக்கம் எங்கள் அம்மாவுக்கு இருந்திருந்தால் போதும். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் காலண்டர் வசனம், ஸ்டிக்கர் வசனம், புத்தாண்டு இரவில் சீட்டு எடுக்கிற வாக்குத்தத்தம்.

பணத்தைப் பற்றியும் சொல்லித் தொலைக்கிறேன். "விதை காணிக்கை" என்று ஒரு கவர் உண்டு. விதைத்தால் நூறு மடங்கு. அம்மா குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் கடன் எடுத்து அப்பாவின் பேரில் நாற்பதாயிரம் ரூபாய் விதைத்தாள். இன்றும் தவணை கட்டுகிறாள், முளைத்தது அது ஒன்றுதான். விதைக்கிறவன் உவமையில் விதை என்பது வசனம் என்று இயேசுவே பக்கத்திலேயே விளக்கம் சொல்லிவிட்டார், பணம் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. நூறத்தனையாக என்று வருகிற மாற்கு பத்தாம் அதிகாரத்திலும் கூடவே துன்பங்களும் வரும் என்று எழுதியிருக்கிறது, அதை முழுங்கிவிட்டார்கள். இந்தச் சரக்கு நம் ஊரில் விளைந்ததும் அல்ல. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் இருந்த ஓரல் ராபர்ட்ஸ் என்ற பிரசங்கியார் டெலிவிஷனில் பரப்பினது. அவரே 1987-ல், மார்ச் முடிவதற்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கர்த்தர் என்னை எடுத்துக்கொள்வார் என்று ஜனங்களிடம் அறிவித்தார். அவர் இறந்தது 2009-ல். கர்த்தர் பேரைச் சொல்லி மிரட்டுகிற ஆட்கள் நெடுநாள் வாழ்கிறார்கள், விதைக்கிறவர்கள்தான் சீக்கிரம் போகிறார்கள். நாகமானின் குஷ்டம் தீர்ந்ததும் அவன் நீட்டிய காணிக்கையை எலிசா தொடவே இல்லை. பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டு வாங்கின கேயாசிக்கு அந்தக் குஷ்டமே வந்தது. இந்தக் கதையும் எங்கள் லயத்துக்கு ஏறி வரவில்லை.

எனக்கு நெஞ்சு கொதிக்கிற இடம் இன்னொன்று. தெற்குத் திருவிதாங்கூருக்குச் சீர்திருத்தச் சுவிசேஷம் எப்படி வந்தது என்று எங்கள் தாத்தாமாருக்குத் தெரியும். பின்னாலேயே மருந்துப் பெட்டியும் வந்தது. லண்டன் மிஷன் 1838-லேயே நெய்யூரில் மருத்துவ ஊழியத்தைத் தொடங்கிவிட்டது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் என்கிற அறுவை மருத்துவர், திரும்புகிற வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியின் கூட்டத்தையும் டாக்டர் இல்லாத குறையையும் பார்த்து, லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய பெரிய உத்தியோகத்தை விட்டு இங்கேயே வந்து தங்கினார். காசநோய்க்கென்றே மிஷன்கள் சேர்ந்து மதனப்பள்ளி பக்கம் ஆரோக்கியவரத்தில் ஒரு சானடோரியத்தை 1915-ல் திறந்தன. பிறகு சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், ஏழைகள் நெருக்கியடித்து வாழும் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கிற அளவு குணம் கிடைக்கும் என்று உலகத்துக்கே நிரூபித்துக் காட்டியது. என் அப்பா லயத்தில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட முடிந்ததற்கு அந்தச் சென்னை ஆராய்ச்சியும் ஒரு காரணம். இத்தனை பேர் இத்தனை வருஷம் பாடுபட்டு அப்பாவின் உள்ளங்கையில் கொண்டுவந்து வைத்ததை, மூன்று நாள் உபவாசக் கூட்டத்தில் ஒருவன் தட்டிவிட்டுப் போனான்.

இதே திருவிதாங்கூரில்தான் நம் பெண்கள் மார்மேல் துணி போடுவதற்கு அடிபட்டார்கள், 1859-ல் ராஜா பிரகடனம் போட வேண்டி வந்தது. அன்றைக்கு வேதம் எங்கள் பெண்களுக்குச் சட்டையைக் கொடுத்தது. இன்றைக்கு வந்த வேதம் என் அம்மாவின் காதில் கிடந்த கம்மலை உலக ஆசை என்று கழற்றச் சொல்லிற்று. கழற்றின கம்மல் எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

இப்போது சபைப் பெரியவர்களே, உங்களிடம் வருகிறேன். உங்களிடம் வேதாகமக் கல்லூரிகள் இருக்கின்றன, கிரேக்கம் படித்த ஆயர்கள் இருக்கிறார்கள், பிஷப்புக்கு அங்கி இருக்கிறது. உபதேசம் புரட்டு என்று உங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. அப்பா செத்த பிறகு நான் போய்க் கேட்டபோது உங்களில் ஒருவர் சொன்னார்: "அபிஷேகம் பண்ணப்பட்டவங்களைத் தொடாதேன்னு வசனம் இருக்கும்மா, நாம ஏன் பேசணும்?" அந்தச் சங்கீதத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். நூற்றைந்தாம் சங்கீதம். சொந்த நிலமில்லாமல் தேசம் தேசமாக அலைந்த ஒரு சிறு கூட்டத்தைத் தொடாதே என்று கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். அப்படியென்றால் தொடக்கூடாத ஆள் யார் ஐயா? காரில் வந்து இறங்குகிறவனா? நாலு தலைமுறையாக நிலமில்லாமல் கொழுந்து கிள்ளின என் அப்பாவா? ஏழையைக் காப்பாற்ற எழுதின வசனத்தை ஏழைக்கு எதிராகவே வேலியாக நட்டுவைத்திருக்கிறார்கள், நீங்களும் அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தோத்திரம் சொல்கிறீர்கள்.

வியாதியும் விசுவாசமும் ஒரே கட்டிலில் கிடக்கும் என்று மேடையில் சொல்ல உங்களுக்கு ஆள் உதாரணம் இல்லையா? நாங்குநேரிப் பக்கம் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல் விழுந்து அடிபட்டார். 1951-ல் கண்மூடுகிற வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். அந்தப் படுக்கையில் இருந்தேதான் எழுதினார், ஜெபித்தார், குடும்பத்தை நடத்தினார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று டோனாவூர் முற்றத்தில் நின்று சொல்லிப் பார்க்கட்டும் எங்கள் பாஸ்டர்.

புதிதாக நடக்கிற கூத்து இது என்றும் நினைக்க வேண்டாம். கேரளத்திலேயே நடந்திருக்கிறது, அதுவும் நம் இனத்தான் ஒருவர் நடத்தினது. யுஸ்துஸ் யோசேப்பு, வித்வான் குட்டி என்பார்கள். தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து 1861-ல் கிறிஸ்தவராகி, சி.எம்.எஸ். சபையில் போதகரானவர். அருமையான பாட்டுக்காரர், அவர் பாட்டுகளை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. எழுப்புதல் என்று ஜனம் திரண்டபோது, 1881-ல் கிறிஸ்து வந்துவிடுவார் என்று அவரும் கூட்டாளிகளும் நாள் குறித்தார்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர ஒருவனும் அறியான் என்பது ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் நம்பினார்கள். வருஷம் வந்தது, போனது, யாரும் வரவில்லை. அதற்குப் பிறகும் யூயோமயம் என்ற தனிச் சபையாக ஒரு கூட்டம் அவரை விடாமல் நின்றது. கெட்டவர் அல்ல அவர், ஞானி. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கண்ணீரோடு ஜெபிக்கிறவர், இனிமையாகப் பாடுகிறவர், காசுக்கு ஆசைப்படாதவர்கூட ஒரு ஜனத்தைப் பள்ளத்தில் இறக்கிவிட முடியும். நம் திருநெல்வேலியில் சுகமளிக்கும் கூட்டங்களால் பேர் எடுத்த சுவிசேஷகர் பாலாசீர் லாரியை, பின்னாளில் அவர் ஆட்கள் கல்கி அவதாரம் என்றே கொண்டாடினார்கள். முக்கூடல் பக்கம் ஓடைமறிச்சானில் அவர் ஆசிரமம் இருக்கிறது. தூரத்தில் கென்யாவில், ஷகஹோலா காட்டில், 2023 ஏப்ரலில் இருந்து தோண்டத் தோண்ட நானூறுக்கும் மேற்பட்ட பிணங்கள். பட்டினி கிடந்து செத்தால் இயேசுவைப் பார்க்கலாம் என்று பால் மெக்கன்சி என்ற பாஸ்டர் சொன்னதைக் கேட்டுச் செத்தவர்கள் என்பது வழக்கு. பள்ளிக்கூடத்துக்குப் போகாதே, ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்பதில்தான் அவரும் தொடங்கினாராம். எங்கள் மலையில் இப்போது அந்த இரண்டாவது படி நடந்துகொண்டிருக்கிறது.

அதனால் தாய்மார்களே, நான் படித்தவள் இல்லை, பட்டவள். என் பேச்சை இந்த ஒரு தரம் கேளுங்கள். "டாக்டரிடம் காட்டு, குணமாகிவிட்டது என்று அவர் எழுதித் தரட்டும், பிறகு மாத்திரையை விடலாம்" என்று சொல்லாதவனை வீட்டுக்குள் விடாதீர்கள். குஷ்டரோகியைச் சுத்தமாக்கிய இயேசுவே, போய் ஆசாரியனிடம் காட்டு என்றுதான் அனுப்பினார். அந்தக் காலத்தில் குணமானதற்குச் சான்று கொடுக்கிறவன் ஆசாரியன். தம்முடைய அற்புதத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப இயேசுவுக்குப் பயமில்லை, இவர்களுக்கு மட்டும் ஏன் சளிப் பரிசோதனை என்றால் பயம்? பிள்ளையையும் பெற்றவரையும் பிரிக்கிற தரிசனம் எதுவாக இருந்தாலும் அன்றைக்கே கதவைச் சாத்துங்கள். உங்களைக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் செய்வதற்குத்தான் அந்தத் தரிசனம். காணிக்கைக்கு ரசீது கேளுங்கள், வருஷக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் புரட்டிச் சரிபார்த்த பெரோயா ஊர்க்காரர்களை அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுகிறது. பவுலைச் சரிபார்த்தால் நற்குணம், எங்கள் பாஸ்டரைச் சரிபார்த்தால் அவிசுவாச ஆவியா?

இன்னொரு கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது, தெரியும். ஜெப வீடுகளை உடைக்கக் காரணம் தேடுகிறவர்கள். என் அப்பாவின் சாவு உங்களுக்குத் தரப்பட்ட கட்டை அல்ல. அவர் கடைசி மூச்சு வரைக்கும் இயேசுவே என்றுதான் சொன்னார், நானும் அப்படித்தான் சொல்லிச் சாவேன். என் வீட்டுச் சண்டைக்குள் உங்களுக்கு வேலை இல்லை. சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்யட்டும். மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே மத்திய அரசு ஒரு சட்டம் போட்டிருக்கிறது, அதன் நோய்ப் பட்டியலில் காசநோயும் இருக்கிறது. தாயத்துக்கும் மந்திரத்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்றால், பாட்டிலில் அடைத்து விற்கிற அபிஷேக எண்ணெய்க்கும் பொருந்தட்டும். எந்த மதத்துக்காரன் விற்றாலும் பொருந்தட்டும். உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் நாலில் ஒருவர் இந்தியர். இந்த நாட்டில் ஒருவனைப் பாதியில் மருந்தை விடச் சொல்வது அவனோடு முடிகிற பாவமா? அவன் இருமுகிற அறையில் பேரப்பிள்ளை தூங்குகிறதே.

அப்பாவின் சாட்சியை அந்த ஊழியத்தின் மாதப் பத்திரிகையில் அச்சடித்தார்கள். படம், பேர், எங்கள் லயத்தின் பேர், அம்மாவின் போன் நம்பர். "காசநோயில் இருந்து பூரண விடுதலை." அப்பாவை அடக்கம் பண்ணின பிறகும் அந்த நம்பருக்குப் போன் வருகிறது. பழைய பிரதியைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிற ஜனங்கள் கூப்பிடுகிறார்கள். போன மாதம் மார்த்தாண்டம் பக்கம் இருந்து ஓர் அக்கா. அம்மாவுக்குப் பேச முடியாமல் என்னிடம் கொடுத்தாள்.

"அண்ணன் இருக்காவளா? எங்க வீட்டுக்காரருக்கும் அதே சீக்குதான். மாத்திரையை எத்தனாவது மாசம் விட்டாவன்னு கேக்கணும்."

"அக்கா, அப்பா செத்துட்டாங்க. அந்தச் சீக்குலதான். மாத்திரையை விட்டதாலதான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, சொந்த அக்காவைப் போன்ற இரக்கமான குரலில் சொன்னாள்: "அப்போ அவியளுக்கு விசுவாசம் போதாம இருந்திருக்கும் மக்கா." வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், எடுக்கமாட்டேன் என்கிறாள்.

பாஸ்டரே, சாட்சி அச்சடித்த அதே பத்திரிகை, அதே பக்கம், அதே படம். அப்பா எந்தத் தேதியில், எந்த ஆஸ்பத்திரியில், எந்த நோயில் இறந்தார் என்று அடுத்த இதழில் போடுங்கள். வார்த்தையை நான் எழுதித் தருகிறேன், நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். மார்த்தாண்டத்துக்கு ஒரு பிரதி கட்டாயம் போகட்டும், தபால் செலவை நான் கொடுக்கிறேன். அந்த மனுஷனுக்கு இது எத்தனாவது மாதம் என்று தெரியவில்லை, சீக்கிரம் அச்சடியுங்கள்.